நெய்யூர்த் தொட்டில்கள்



ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம்மவர் வழக்கு. ஊட்டி வளர்ப்பவளுக்குக் கற்றுக் கொடுப்பவர் யார், அவள் களைத்துப் போனால் கை கொடுப்பவர் யார் என்னும் கேள்விகளைப் பழமொழி எழுப்புவதில்லை. ஆஸ்திரேலிய நாட்டில் இன்று அக்கேள்விகள் வலுவாக எழுந்துள்ளன. அங்குள்ள ஆதிகுடிக் குழந்தைகள் பெற்றோரிடம் வாழ இயலாதபோது, அவர்களை வளர்க்க முன்வரும் குடும்பங்களுக்குப் பயிற்சியும் துணையும் அளித்து வருகிறார்கள். அதே கேள்விகளை ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே நம் நெய்யூரில் சில தமிழ்ப் பெண்கள் எதிர்கொண்டார்கள். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஏமி கார்மைக்கேல் என்னும் அயர்லாந்துப் பெண்மணி 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்களில் தமிழ்ப் பெண்கள் சிலருடன் சமயப் பணி செய்து வந்தார். 1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடப்படும் நிலையிலிருந்து தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். பின்னர் மேலும் சிறுமியர் வந்தனர். 1904-இல் பிறந்து சில நாள்களே ஆன சிசுக்களும் வரத் தொடங்கின. களக்காட்டுப் பக்கத்து டோனாவூரில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. ஆனால் அங்கே மருத்துவர் இல்லை.

நெய்யூரில் மருத்துவமனை இருந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தார் 1838-இல் அங்கு தொடங்கிய மருத்துவப் பணி அதற்குள் நாடறிந்ததாகிவிட்டது. நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. டோனாவூரோ ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தது. இடையில் நீண்ட மாட்டுவண்டிப் பயணம். அந்தத் தொலைவையும் பொருட்படுத்தாமல், மருத்துவர் அருகில் இருந்தால் போதும் என்று கருதி, நெய்யூரில் ஒரு குழந்தை இல்லம் அமைத்தார்கள். அதன் பொறுப்பைப் பொன்னம்மாள் ஏற்றார்.

பொன்னம்மாள் இளமையிலேயே கணவனை இழந்தவர். அக்காலத்தில் கைம்பெண்ணின் வாழ்வு எத்தகையது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர் செவிலியர் பயிற்சி பெற்றவரும் அல்லர். பாலூட்ட முன்வரும் தாய்மார் எளிதில் கிடைக்கவில்லை. பிறர் குழந்தைக்கு, அதுவும் குலம் தெரியாத குழந்தைக்கு, பால் கொடுக்க ஊரார் இசையவில்லை. ஆகவே எந்தப் பால் எந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும், எவ்வளவு நீர் கலப்பது, எத்தனை நாழிகைக்கு ஒரு முறை ஊட்டுவது என்பவற்றையெல்லாம் கண்விழித்துக் கண்டறிய வேண்டியிருந்தது. தாய்ப்பால் இல்லாத சிசுவுக்குச் சிறிது தூய்மைக் குறைவும் உயிருக்கு ஆபத்து. சங்கடம் இன்னொன்றும் இருந்தது. குழந்தையைக் கழுவுவதும் துணி அலசுவதும் தாழ்ந்த வேலை, சமயப் பணியே உயர்ந்தது என்று எண்ணிய பெண்களும் உண்டு. பொன்னம்மாள் அவர்களோடு வாதிடவில்லை. அவ்வேலைகளைத் தாமே முதலில் செய்தார். பின்னர் மற்றவர்களும் செய்தனர். இக்காலத்துப் பயிற்சி வகுப்புகளில் இதைவிடச் சிறந்த பாடம் உண்டா என்பது ஐயமே.

எனினும் 1907-இல் அந்த இல்லத்தில் வயிற்றுக்கடுப்பு நோய் பரவியது. பத்துக் குழந்தைகள் இறந்தன. மருத்துவமனை அருகிருந்தும் இது நேர்ந்தது என்பதை நாம் கருத வேண்டும். அக்காலத்தில் இந்நோய்க்குத் திறமான மருந்தில்லை. பல சிசுக்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தால் ஒன்றின் நோய் மற்றொன்றைத் தொற்றுவதும் எளிது. பெற்ற தாய் ஒரு பிள்ளையை இழந்தால் ஊரே வந்து உடனிருந்து அழும். பிறர் பிள்ளைகளை இழந்த வளர்ப்புத் தாய்க்கு அந்த ஆறுதல் கூடக் கிட்டுவதரிது. நெய்யூர் இல்லம் மூடப்பட்டு, குழந்தைகள் டோனாவூருக்கே திரும்பினர்.

டோனாவூரில் குழந்தைகள் வளர்ப்பவர்களை உறவுமுறை சொல்லியே அழைத்தார்கள். இந்தியப் பெண்கள் அக்காள். வெளிநாட்டுப் பெண்கள் சித்தி. ஆண் பணியாளர் அண்ணாச்சி. ஏமி கார்மைக்கேல் அம்மை. பொன்னம்மாள் 1915-இல் புற்றுநோயால் காலமானார். மறு ஆண்டு, 1916-இல், ஏழு இந்தியப் பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக ஒரு சகோதரியர் குழுவாக இணைந்தனர். பிள்ளை வளர்ப்பவருக்கும் ஒரு சுற்றம் வேண்டும் என்பதை அனுபவம் அவர்களுக்கு உணர்த்தியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

இவ்வரலாற்றைப் புகழ்ந்துரைப்பதோடு நிறுத்திவிடுவது நேர்மையாகாது. பிறந்த நாள் அறியாத குழந்தைகளுக்கு அங்கே வந்து சேர்ந்த நாளே விழாவாயிற்று. அது அன்பின் செயல்தான். ஆயினும் வந்த நாளுக்கு முன் அக்குழந்தைக்கு ஓர் ஊரும் உறவும் இருந்தன அல்லவா? ஆஸ்திரேலியாவில் இதே பிழை அரசின் கொள்கையாகவே நடந்தது. 1910 முதல் 1970 வரை, ஆதிகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குடும்பங்களிலிருந்து வலிந்து பிரிக்கப்பட்டனர் என்று 1997-ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. 2008 பிப்ரவரி 13-இல் அந்நாட்டுப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். நெய்யூரையும் அதையும் ஒன்றெனச் சொல்ல நான் துணியேன். இங்கே சிறுமியர் எதிர்நோக்கிய ஆபத்து மெய்யானது. திருவிதாங்கூரில் கோயில் தேவதாசி முறை 1930-இல்தான் ஒழிந்தது. சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் வந்தது. இப்போது ஆஸ்திரேலியாவில் முதலில் உறவினர், பின் அதே சமூகத்தார், பின்னரே பிறர் என்னும் வரிசையில் ஆதிகுடிக் குழந்தைக்கு வீடு தேடுகிறார்கள். பிறர் வளர்க்க நேர்ந்தால், குழந்தையின் குலத்தோடும் பண்பாட்டோடும் உள்ள தொடர்பைக் காப்பது வளர்ப்பவர் கடமையாகிறது.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடம் தருகிறது. வாத்சல்யா இயக்கத்தின்கீழ் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை அளிக்க வழியுண்டு. ஆயினும் குழந்தைகள் இல்லங்களை அறிந்திருக்கும் நம் மக்களுள், அக்குழந்தையைச் சில காலம் தம் வீட்டிலேயே வைத்து வளர்க்கச் சட்டம் இடந்தருகிறது என்பதை அறிந்தவர் சிலரே.