ஒவ்வாமை, நோயெதிர்ப்பியல் மருத்துவம்: பயிற்சியும் தொழில்வாய்ப்பும்

தேகத்தைக் காக்கும் எதிர்ப்புச் சக்தியே இறால், மகரந்தம், மருந்து முதலிய பதார்த்தங்களைச் சத்துருவெனக் கருதிக் கிளர்ந்தெழுவதாலும், அச்சக்தி குன்றுவதாலும் விளையும் வியாதிகளை ஆராய்ந்து சிகிச்சை செய்யும் விசேஷ வைத்தியத் துறை. அதிதீவிர ஒவ்வாமையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் சார்ல் ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

பயிற்சி: இலங்கையில் இத்துறையை நாடுவோர், உயர்தர உயிரியல் பிரிவில் சித்தியெய்தி, 1978இல் தோன்றிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் போன்றதொன்றில் ஐந்தாண்டு பயின்று, ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் நிறைவேற்றிய பின்னரே, விசேஷக் கல்வியிற் பிரவேசித்தல் இயலும். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் நோயெதிர்ப்பியல் ஆய்வுகூடம் உண்டு. அமெரிக்காவில் பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ மூன்றாண்டுப் பயிற்சியின்மேல் ஈராண்டு விசேஷப் பயிற்சி விதிக்கப்படுகிறது.

தேவை: கடலும் காடும் அடுத்த, முசலிப் பிரிவைச் சேர்ந்த முள்ளிக்குளம் போன்ற மன்னார்க் கிராமங்களில் இக்கல்வியின் பிரயோசனம் பெரிது. பதங்கெட்ட சூரை மீனிற் பெருகும் ஹிஸ்டமினின் நஞ்சை மீன் ஒவ்வாமையினின்று பிரித்தறிதலும், பாம்புக்கடிக்கு ஏற்றும் விஷமுறி மருந்தால் நேரும் தீவிர எதிர்விளைவை அடக்குதலும் உயிர்காக்கும் அறிவாம். சிறிதளவு அட்ரினலினை முன்கூட்டியே செலுத்துதல் அவ்விளைவைக் குறைக்குமென 2011இல் வெளியான இலங்கை ஆய்வொன்று நிறுவியது.

தொழில்வாய்ப்பு: போதனா வைத்தியசாலை, ஆய்வுகூடம், பல்கலைக்கழகம், தடுப்பூசி ஆராய்ச்சி ஆகியவற்றில் இத்துறையினருக்கு இடமுண்டு. கரையோரக் கிராமத்து மாணவரும் இதனை நாடி வருதல் நாட்டுக்கு நன்மையாம்.