ரேஞ்ச்ஃபைண்டர் கமரா: பழைய மாதிரிகளும் தெரிவும்

ரேஞ்ச்ஃபைண்டர் கமரா என்பது, பொருளின் தூரத்தை இரட்டை உருவங்களைக் கொண்டு கணித்துக் குவியம் சரிசெய்யும் கமரா வகை. காண்துளையில் தெரியும் இரு உருவங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் குவியம் சரி. எஸ்.எல்.ஆர். கமராவில் மேலெழும் கண்ணாடி இதில் இல்லை. ஆகவே சத்தம் குறைவு, உடலும் சிறிது.

இலங்கையின் நவீன புகைப்படக்கலைக்கு வழிவகுத்த லயனல் வென்ட் (1900–1944) ரோலிஃபிளெக்ஸ் கமராவுடன், ரேஞ்ச்ஃபைண்டர் வகையான லைக்காவையும் கையாண்டவர். 1938இல் லண்டனில் அவரது தனிக் கண்காட்சி நடைபெற்றது. அவர் பெயரிலான கலை மையம் கொழும்பு 7இல் உள்ளது.

வில்லையை மரையால் திருகிப் பூட்டும் லைக்காக்கள்

வில்லையோடு இணைந்த தூரங்காட்டி (ரேஞ்ச்ஃபைண்டர்) லைக்கா 2 (1932) மாதிரியில் வந்தது. லைக்கா 3 (1933) ஒரு செக்கன் வரையான மெதுவான ஷட்டர் வேகங்களைத் தந்தது. 3ஏ (1935) 1/1000 செக்கனை எட்டியது. 3எஃப் (1950) பிளாஷ் இணைப்புடையது. இவற்றில் குவியம் பார்க்க ஒரு துளை, சட்டம் பார்க்க மற்றொன்று. பிலிமின் முனையை நீளமாக வெட்டி, அடிப்பக்கத்தால் ஏற்ற வேண்டும். ஆறுதலாகப் படமெடுப்போருக்கே இவை பொருந்தும்.

எம் வரிசை

லைக்கா எம்3 (1954) இரு துளைகளையும் ஒன்றாக்கியது. அதன் காண்துளை உருப்பெருக்கம் 0.91; 50, 90, 135 மி.மீ. சட்டக்கோடுகள் உண்டு. அடுத்து வந்த எம்2இல் உருப்பெருக்கம் 0.72, சட்டக்கோடுகள் 35, 50, 90. தெருவிலும் வீட்டுக்குள்ளும் 35 மி.மீ. வில்லையால் எடுப்போருக்கு எம்2, முகப்படம் எடுப்போருக்கு எம்3 உகந்தது.

விலை குறைந்த மாற்று

கேனனெட் கியூஎல்17 ஜிஐஐஐ (1972), கழற்ற முடியாத 40 மி.மீ. எஃப்/1.7 வில்லை கொண்டது. அதன் வெளிச்சமானி 1.35 வோல்ட் பாதரச பற்றரிக்காக அமைந்தது. அந்தப் பற்றரி இப்போது விற்பனையில் இல்லை; 1.5 வோல்ட் போட்டால் அளவீடு பிசகக்கூடும். ஆயினும் ஷட்டர் பற்றரி இன்றியே இயங்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வெள்ளவத்தை, தெஹிவளை, களுபோவில போன்ற கடலை அண்டிய பகுதிகளில் ஈரப்பதன் அதிகம். வில்லைக்குள் பங்கசு எளிதில் படரும். டோர்ச் ஒளியை வில்லையின் பின்பக்கத்தால் பாய்ச்சினால் சிலந்திவலை போன்ற இழைகள் தெரியும். லைக்காவின் துணி ஷட்டரில் ஊசித்துளைகள் உண்டா, ஒரு செக்கன் வேகம் தடையின்றி ஓடுகிறதா, இரட்டை உருவம் மங்கியுள்ளதா என்பனவும் சோதிக்கத்தக்கவை. வாங்கிய பின் தோலுறையில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் வில்லை மூடியைத் திறந்து விட்டால் குவியும் சூரிய ஒளி துணி ஷட்டரைப் பொசுக்கிவிடும்.

பழைய கமராவில் மாதிரியின் பெயரைவிட அதன் நிலையே பெரிது. பங்கசு ஏறிய எம்3ஐ விடச் சுத்தமான வில்லையுள்ள கேனனெட், முதன்முதலில் வாங்குபவருக்கு நல்ல தெரிவு.