பூனைக்கு ஒரு வாயில்

மனிதன் வீட்டிற்குக் கதவு அமைப்பது இரு கருத்துப் பற்றி. வேண்டியவரை உள்ளே வரவிடுதல் ஒன்று. வேண்டாதவரை வெளியே நிறுத்துதல் மற்றொன்று. மனிதர் அளவில் இவை இரண்டும் எளிதில் நிறைவேறுகின்றன. தட்டும் ஓசை கேட்கிறது. எழுந்து சென்று முகம் பார்க்கிறோம். திறக்கிறோம் அல்லது திறவாது விடுகிறோம். ஆனால், கதவைத் தட்டி அறியாத ஒருவர் நம்மிற் பலர் வீட்டில் உண்டு. அவர் நள்ளிரவில் வெளியே போக விரும்புவார். போன சிறிது நேரத்தில் உள்ளே வரவும் விரும்புவார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வாயிற்படியிலேயே அமர்ந்து சிந்திப்பார். அவர்தாம் நம் வீட்டுப் பூனையார்.

அவருக்கென்று கதவின் அடியில் சிறு துளை ஒன்று வெட்டி, அதில் ஆடும் பலகை ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் குளிர்மிகு மேலை நாடுகளில் பரவியிருக்கிறது. முற்றமும் திறந்த சன்னலும் உடைய நம் பழைய வீடுகளில் இதற்குத் தேவை எழவில்லை. ஆனால் தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் நேயர்களின் இன்றைய இல்லங்களில் நிலைமை வேறு. குளிர்காற்றுக்கோ கொசுவுக்கோ அஞ்சி எப்பொழுதும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறோம். ஆகவே, இச்சிறு வாயிலின் வரலாற்றை அறிவது நமக்கும் பயனுடையதே.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பை நாட்பணியாகக் கொண்டவனுக்கு எப்பொருளைக் கண்டாலும் அதன் பெயர்மீதே கண் செல்லும். பிரெஞ்சு மக்கள் பூனையைக் குறிக்கும் தம் சொல்லிலிருந்தே இதனை ‘ஷாத்தியேர்’ என்றனர். ஸ்பானியர் அவ்வாறே ‘கத்தேரா’ என்றனர். பல மொழிகளில் தனிப்பெயர் பெற்ற பொருள், பலர் வீட்டிலும் பழகிய பொருளாகவே இருக்கவேண்டும். தமிழில் பெருங்கதவினுள் அமைந்த சிறு கதவுக்குத் ‘திட்டிவாசல்’ என்ற பெயர் உண்டு. ஒடுங்கிய சிறு வழிக்குப் ‘புழை’ என்ற பழஞ்சொல் உண்டு. எனவே இதனைப் ‘பூனைப்புழை’ என்று வழங்குவோம்.

இப்புழையை முதன்முதலில் வெட்டத் தூண்டியது பூனையின்மீது கொண்ட அன்பன்று; எலியின்மீது கொண்ட அச்சமே. தானியம் சேர்த்து வைத்த இடமெல்லாம் எலி வந்தது. எலி வந்த இடமெல்லாம் பூனை வேண்டியதாயிற்று. களஞ்சியத்தைப் பூட்டினால் கள்வன் நுழையான், பூனையும் நுழையாது, எலியோ எப்படியும் நுழையும். ஆதலின், கள்வன் நுழைய முடியாததும் பூனை நுழையக் கூடியதுமான ஒரு வழி தேவைப்பட்டது.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இயற்றிய ‘கேன்டர்பரிக் கதைகள்’ என்னும் நூலில் இதற்குச் சான்று உண்டு. ஆலைக்காரன் கூறும் கதையில், பூட்டிய அறைக்குள் இருப்பவர் என்ன செய்கிறார் என்று அறிய விரும்பிய ஏவலாளன் ஒருவன், தாழ்ந்த ஓரிடத்தில் பூனை வழக்கமாக நுழையும் துளை வழியாக எட்டிப் பார்க்கிறான். கவிஞர் அத்துளையை விளக்கவில்லை, வியக்கவுமில்லை. கேட்போர் அனைவரும் அறிந்த பொருளாகக் கருதிப் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறார். ஒரு பொருள் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இத்தகைய போகிறபோக்கான குறிப்பைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

இதனினும் உறுதியான சான்று இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் வட்டாரத்தைச் சேர்ந்த எக்ஸிடர் நகரில் இருக்கிறது. அந்நகரப் பேராலயத்தின் கணக்கேடுகளில் 1305ஆம் ஆண்டு முதல் 1467ஆம் ஆண்டு வரை பூனைக்கென ஒரு செலவு எழுதப்பட்டு வந்தது. மூன்று திங்களுக்கு ஒருமுறை 13 பென்ஸ். அதாவது, வாரத்திற்கு ஒரு பென்னி. எலிகளை அடக்கிவைக்கும் பூனையின் உணவுக்காக இத்தொகை வழங்கப்பட்டது. கோயிற் காவலர்க்கு உரிய செலவோடு பூனையின் செலவும் சேர்ந்தே வந்தது. அங்குப் பூனை செல்லப் பிராணியாக இல்லை. படி பெறும் பணியாளாகவே இருந்தது.

அப்பேராலயத்தின் வடபுறத்தில், ஏறக்குறைய 1484ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் வானியற் கடிகாரம் ஒன்று உண்டு. பூமி நடுவே நிற்க, ஞாயிறும் திங்களும் அதனைச் சுற்றிவருவதாக அதன் முகம் காட்டுகிறது. அக்காலத்தில் கடிகாரப் பொறிகளுக்கு விலங்குக் கொழுப்பையே மசகாகத் தடவினர். கொழுப்பின் மணத்திற்கு எலிகள் வந்தன. கடிகாரத்தின் கீழே பொறிக்குச் செல்லும் கதவு ஒன்று இருக்கிறது. 1598ஆம் ஆண்டில், வில்லியம் காட்டன் என்பவர் பிஷப் பதவி ஏற்ற அதே ஆண்டில், அக்கதவில் பிஷப்பின் பூனைக்காகத் துளை ஒன்று வெட்டிய தச்சர்களுக்கு 8 பென்ஸ் கொடுத்ததாகக் கணக்கு எழுதப்பட்டது. முற்காலத்துப் பூனைப் படியோடு ஒப்பிட்டால் அஃது எட்டு வாரத் தொகை. கதவின் அடியில் அந்த வட்டத் துளையை இன்றும் காணலாம்.

இவ்வளவு தெளிவான சான்று இருக்கவும், உலகம் வேறொரு கதையையே விரும்பிச் சொல்கிறது. பூனைப்புழையைக் கண்டுபிடித்தவர் சர் ஐசக் நியூட்டன் என்பது அக்கதை. ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்த அவரைப் பூனை அடிக்கடி தொல்லை செய்ததாம். பூனைக்குப் பெரிய துளை ஒன்றும் குட்டிக்குச் சிறிய துளை ஒன்றும் வெட்டச் செய்தாராம். பெரிய துளை வழியே குட்டியும் போகலாம் என்பது அப்பேரறிஞருக்குத் தோன்றவில்லையாம். 1827ஆம் ஆண்டில் வெளியான கேம்பிரிட்ஜ் நினைவு நூல் ஒன்று இக்கதையை எடுத்துக்கூறி, மெய்யோ பொய்யோ, நியூட்டன் வாழ்ந்த அறையின் கதவில் அடைக்கப்பட்ட துளைகள் இரண்டு இருந்தன என்று குறிக்கிறது. நியூட்டன் மறைந்தது 1727ஆம் ஆண்டில். இடையே நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. கதவில் துளை இருந்தது என்பதனால், வெட்டச் செய்தவர் நியூட்டன் என்று முடிவாகாது. மேலும், அவரிடம் ஐந்தாண்டளவில் உதவியாளராக இருந்து, உடனிருந்தே அனைத்தையும் கண்ட ஹம்ப்ரி நியூட்டன் என்பவர், அவர் தம் அறையில் நாயோ பூனையோ வைத்திருந்ததில்லை என்று பின்னாளில் எழுதினார். எவ்வாறாயினும், நியூட்டன் பிறப்பதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகள் முன்னரே எக்ஸிடர்த் தச்சர் தம் கூலியைப் பெற்றுக்கொண்டு போய்விட்டனர்.

ஒரு பொருளின் தோற்றத்தைப் பெரியோர் ஒருவர்மேல் ஏற்றிச் சொல்வதில் மக்களுக்கு என்றும் மகிழ்ச்சி உண்டு. ஆயினும், நம் அடுக்களையிலும் வாயிலிலும் உள்ள பொருள்களிற் பெரும்பாலானவை பெயர் எழுதப்படாத கைகளால் ஆனவை. பூனைப்புழையும் அவற்றுள் ஒன்று. அதற்கு அந்தக் கணக்கெழுத்தர் எழுதிய ஒரு வரியே சாட்சி.

வெறுந்துளை பூனைக்கு வழிவிட்டது. கூடவே குளிருக்கும் வழிவிட்டது. மேற்புறம் கீல் வைத்துத் தொங்கவிட்ட பலகை அக்குறையைத் தீர்த்தது. பின்னர் வேறொரு குறை எழுந்தது. நம் பூனைக்குத் திறக்கும் பலகை அண்டை வீட்டுப் பூனைக்கும் திறக்கும் அன்றோ? வேற்றுப் பூனை உள்ளே வந்து உணவைத் தின்பதோடு நில்லாது, வீட்டுப் பூனையையும் அச்சுறுத்திப் போயிற்று. இதற்காகக் கழுத்துப் பட்டையில் காந்தம் கட்டினர். காந்தத்தைக் கண்டால் தாழ் விலகும். ஆனால் காந்தம் தன் பூனைக்கும் பிறர் பூனைக்கும் வேறுபாடு அறியாது. பட்டையும் வேலியில் சிக்கிக் கழன்று போகும்.

2008ஆம் ஆண்டு வாக்கில் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டார். பூனையின் தோலுக்கடியில் மருத்துவர் செலுத்தும் அரிசி அளவான கண்ணாடிக் குமிழே திறவுகோலாகும் வகையில் அவர் புழையை அமைத்தார். அந்தக் குமிழில் மின்கலம் இல்லை. புழையின் விளிம்பிலுள்ள கம்பிச்சுருள் அனுப்பும் வானொலி அலையிலிருந்தே அது ஆற்றல் பெற்று, தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. இன்று பரவலாக உள்ள பொதுமுறையில் அவ்வெண் 15 இலக்கம் உடையது. அலையின் அதிர்வு 134.2 கிலோஹெர்ட்ஸ். நேயர்கள் கேட்கும் மத்திய அலை ஒலிபரப்புகள் 500 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தொடங்குகின்றன. இஃது அதனினும் தாழ்ந்த அலை. எண் பொருந்தினால் தாழ் திறக்கும், இல்லையேல் திறவாது. ஆக, கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஒருவருக்கும் பூனைப்புழைக்கும் மெய்யான தொடர்பு ஒன்று ஏற்பட்டது. ஆனால் அவர் நியூட்டன் அல்லர். 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் முதல் இங்கிலாந்தில் 20 வாரம் கடந்த வளர்ப்புப் பூனைகளுக்கு அக்குமிழைச் செலுத்துவது சட்டப்படி கடமையாயிற்று. படிக்காகக் கணக்கேட்டில் ஏறிய பூனை, இன்று தன் பெயரிலேயே பதிவேட்டில் ஏறிவிட்டது.

இவ்வரலாறு அறிந்தவர் தம் வீட்டிற்குப் புழை தேர்வதும் எளிது. அண்டையில் வேறு பூனை இல்லையெனில், வெறும் ஆடுபலகையே போதும். உள்ளே மட்டும், வெளியே மட்டும், இருபுறமும், முழு அடைப்பு என நான்கு நிலை கொண்ட தாழ் இருப்பது நலம். இரவில் பூனையை உள்ளே நிறுத்திவைக்க அது பயன்படும். பறவைகளுக்கும் அதனால் நன்மையே. வேற்றுப் பூனைகள் மிகுந்த இடமாயின் எண் அறியும் புழையை நாடலாம். இரும்புக் கதவு அதன் வானொலி அலையைக் குலைக்கும் ஆதலால், கதவு எதனால் ஆனது என்பதை முன்னரே கடைக்காரரிடம் கூறுதல் வேண்டும்.

அளவெடுப்பதே இதில் முதன்மையான வேலை. பூனை நிற்கும்பொழுது அதன் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்து, புழையின் கீழ்விளிம்பு அவ்வுயரத்திற்குச் சற்றுத் தாழ இருக்குமாறு குறிக்கவேண்டும். உடலின் அகன்ற பகுதி நெருங்காமல் நுழையவேண்டும். குட்டிக்கு வாங்குபவர் வளர்ந்த பூனையை எண்ணி வாங்கவேண்டும். காகிதத்தில் வடிவம் வெட்டிக் கதவில் ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, மூலைகளில் துளையிட்டு, அத்துளைகளிலிருந்து ரம்பத்தை ஓட்டினால் வெட்டு நேராக அமையும். வெட்டிய மரவிளிம்பிற்கு வண்ணம் பூசாவிடில் மழைநீர் ஊறிக் கதவு உப்பும். திருகாணிகளை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் சட்டம் வளைந்து பலகை சிக்கும். புழை வழியே கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தொட முடியாத இடமாகவும் அது அமையவேண்டும்.

சில கதவுகளைத் தொடவே கூடாது. கடினப்படுத்திய கண்ணாடியை வெட்ட முயன்றால் அது நொறுங்கிப் போகும். துளையோடு கூடிய புதிய கண்ணாடியையே செய்விக்கவேண்டும். தீத்தடுப்புக் கதவில் துளையிட்டால் அது தீயைத் தடுக்காது. அடுக்குமாடியின் உயர்ந்த தளங்களில் வெளிக்கதவைவிட, அறைக்கும் வலையடைத்த மாடத்திற்கும் இடைப்பட்ட கதவே புழைக்கு ஏற்ற இடம். பிற மாநிலங்களில் வாழும் நம்மிற் பலர் வாடகை வீட்டினர். அங்குக் கதவு நமதன்று. உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெறாமல் ரம்பத்தை எடுத்தல் தகாது. பழைய கதவைக் கழற்றிப் பத்திரமாக வைத்து, வேறு கதவு மாட்டி அதில் வெட்டுவது வழக்கைத் தவிர்க்கும் வழி.

புழை அமைந்தபின், பூனையைப் பிடித்து அதற்குள் தள்ளுதல் கூடாது. அஞ்சிய பூனை பிறகு அப்பக்கமே வாராது. சில நாள் பலகையை நூலால் தூக்கிக் கட்டி, அப்புறத்தில் உணவு வைத்து அழைக்கவேண்டும். பழகியபின் சிறிது சிறிதாக இறக்கிவிடவேண்டும். விரைவு இதில் பயன் தராது.

எக்ஸிடரில் அத்துளை நான்கு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதை வெட்டிய தச்சர் பெயர் எளிதிற் கிடைப்பதில்லை. அவர் பெற்ற 8 பென்ஸ் மட்டும் நினைவில் நிற்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து, வந்த ஊரில் தமக்கென ஒரு வாயில் தேடிக்கொண்ட நேயர்களுக்கு அத்துளையின் பொருள் எளிதில் விளங்கும். பூட்டிய கதவுக்கு உரியவரே, தட்டத் தெரியாத ஓருயிர்க்காக அதன் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தார். வேலைக்கு வந்த உயிருக்கு உள்ளே வரும் வழியும் தரவேண்டும் என்பதை உணர்ந்து செய்த செயல் அது. அவ்வழியை அளவறிந்து, இடமறிந்து, இசைவறிந்து அமைத்தால் நம் வீட்டுக் கதவிலும் அது நெடுநாள் நிற்கும்.