வாசல்தரையில் ஒரு வக்கீல்

1948 மே 14, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. டெல் அவிவ் அருங்காட்சியக மண்டபத்தில், இஸ்ரேல் என்ற தேசம் பிறந்ததை அறிவிக்க, யூதத் தலைவர் பென்-குரியன் கையில் பிரகடனக் காகிதத்துடன் எழுந்து நிற்கிறார். போன வாரம் இங்கேதான் நிறுத்தினேன். அவரை வாசிக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று வாக்கும் கொடுத்திருந்தேன்.

ஆனால் கீரனூரில் உட்கார்ந்துகொண்டு 1948 என்று எழுதினால், பேனா முதலில் மார்ச் 3-க்குத்தான் ஓடுகிறது. அன்றுதான் நம் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. அம்மன் காசு அடித்து, சட்டசபையும் நடத்திய தொண்டைமான் சீமை, திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. இங்கே ஒரு சின்ன ராஜ்யம் கணக்கு முடித்ததற்கும், அங்கே ஒரு சின்ன தேசம் புதுக்கணக்கு போட்டதற்கும் இடையே 72 நாள்.

எழுபத்திரண்டு! இந்த எண்ணைப் பார்த்தபின் நான் டெல் அவிவுக்கு நேர்வழியில் போவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டிலிருந்து ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குச் செப்பேடு கொடுத்தான். அதில் உள்ள உரிமைகள் சரியாக 72. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காளம், தோரணம், சுங்க விலக்கு, கூடவே அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமை. எழுத்து வட்டெழுத்து. பக்கத்து நார்த்தாமலையில் நகரத்தார் சபை செலுத்திய அதிகாரத்தைக் கல்வெட்டில் படித்த நமக்கு, வணிகர்களுக்குக் கிடைத்த இந்த மரியாதை அதிசயமில்லை. 2017-இல் நம் பிரதமர் இஸ்ரேல் போனபோது அந்நாட்டுப் பிரதமர் நெதன்யாகுவுக்குக் கொடுத்த பரிசு, கொச்சி யூதர் செப்பேடுகளின் நகல்தான்.

செப்பேட்டைக் காத்துவந்த இடம் கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயம். 1568-இல் கட்டியது. தரையில் சீனத்து நீலப் பூ ஓடுகள் பதித்திருக்கும். எல்லோரும் அந்த ஓடுகளைப் பற்றி எழுதுவார்கள். அந்தத் தரையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். பெஞ்சுகள் ‘வெள்ளை’ யூதர்களுக்கு. விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததிக்குத் தரையும் வாசல் பக்கமும். மன்னனிடம் பல்லக்கு வாங்கியவர்களின் ஏட்டைப் பூட்டிப் பாதுகாத்த பெரிய மனிதர்கள், கூடப் பிரார்த்தித்தவனுக்கு ஒரு பெஞ்சு தரவில்லை. இந்தக் கதையில் அவர்கள்தான் வில்லன்கள். எனக்கு அதில் தயக்கமே இல்லை.

அந்தச் சந்ததியில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். நம் சேலத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. மதராஸில் சட்டம் படித்து எர்ணாகுளத்தில் வக்கீலானார். கொச்சி சட்டசபையில் உறுப்பினர். 1929-இல் லாகூர் காங்கிரசுக்குப் போனவர். மைதானத்தில் நின்று தொழிலாளிக்காகப் பேசுவார். வெளியே இத்தனை பெயர் இருந்தும் ஜெபாலயத்துக்குள் அவர் இடம் தரைதான். காந்தியிடம் கற்ற ஆயுதத்தை அங்கேயே எடுத்தார். நகராமல் உட்கார்ந்தார். கேரளத்தில் வைக்கம் தெருக்களுக்காக நடந்த சத்தியாக்கிரகம் இங்கே ஒரு பெஞ்சுக்காக நடந்தது. ஆண்டுகள் கரையக் கரைய, பெரியவர்கள் படிப்படியாக இறங்கி வந்தார்கள். ஊர் அவரை ‘யூத காந்தி’ என்றது.

1933-இல் பாலஸ்தீனம் போய்வந்ததும் அவருக்கு, யூதருக்கு ஒரு தாயகம் என்ற சீயோன் கனவும் பிடித்துக்கொண்டது. தேசம் பிறந்தது, யூதர் எவரும் வந்து குடியேறலாம் என்று 1950-இல் சட்டமும் வந்தது. ஆனால் அதிலேயே பொதுச் சுகாதாரத்தைக் காட்டி மறுக்க ஒரு வாய்ப்பும் இருந்தது. கொச்சிக்காரர்கள் யானைக்கால் நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று இஸ்ரேல் அதிகாரிகள் தயங்கினார்கள். பாருங்கள், மறுபடியும் வாசல்! எழுபதை எட்டிவிட்ட வக்கீல் 1953-இல் அங்கேயே போய் வாதாடினார். அதன்பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கப்பலும் விமானமும் ஏறி, நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் போன்ற கூட்டுறவுக் கிராமங்களில் குடியேறினார்கள். கதவைத் திறந்துவிட்டவர் மட்டும் திரும்பி வந்தார். 1967-இல் கொச்சியிலேயே கண்மூடினார்.

பென்-குரியன் இன்னும் காகிதத்தோடு நிற்கிறார். ஆசிரியரும் பக்கக் கணக்கோடு நிற்கிறார். மதம், இனம், பால் பேதமின்றிச் சம உரிமை என்று அந்தக் காகிதம் சொல்லும். ஆனால் எழுதி முடித்த அரசியல் சட்டம் அந்த நாட்டுக்கு இன்றுவரை இல்லை. 120 பேர் கொண்ட கெனெசெட் சபை தனித்தனி அடிப்படைச் சட்டங்களாகவே இயற்றி வருகிறது. தேசம் பிறந்தபோது மூண்ட போரில் லட்சக்கணக்கான பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். உள்ளே தங்கிய அரபுக் குடிமக்கள் 1966 வரை ராணுவ நிர்வாகத்தில் இருந்தார்கள். பம்பாயிலிருந்து போன பெனே இஸ்ரேல் யூதர்களின் திருமணத்தை மதகுருமார்கள் சந்தேகித்தபோது, 1964-இல் அவர்கள் ஜெருசலேமில் போராடித்தான் ஜெயித்தார்கள்.

அடுத்த வாரம் அவர் வாசிக்கட்டும். யாருக்குப் பெஞ்சு, யாருக்குத் தரை என்று எண்ணிக்கொண்டே கேட்போம்.

(தொடரும்)