கூப்பர் வழக்கு: நாலு நாள் வெற்றி

சுதந்திரச் சந்தை, அரசுத் தலையீடு என்று பேச்சு வந்தாலே நம்மவர்கள் ஆடம் ஸ்மித்தில் ஆரம்பித்து அமெரிக்காவில் போய் முடிப்பார்கள். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நம் நாட்டிலேயே அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், சந்தைக்காரர்கள் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்திருக்கிறார்கள். தேதி 10 பிப்ரவரி 1970. அந்த வெற்றி சரியாக நாலு நாள் நீடித்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். முடித்து, தேர்வு எழுதி, பொதுத்துறை வங்கியில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவன். இப்போது ஜாகை அகமதாபாத். வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியதால் வந்த சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். ஆகவே என் பேச்சில் சார்பு இருக்கும். எந்தப் பக்கம் என்று எனக்கே பல நேரம் குழப்பம்தான்.

சந்தை ஆதரவு என்றால் அந்தக் காலத்தில் ராஜாஜி, மினூ மசானி, என்.ஜி.ரங்கா என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ராஜாஜி பேச்சோடு நிற்கவில்லை. 1952-ல் சென்னை மாகாண முதல்வரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக நீக்கினார். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள், வரவில்லை. 1959-ல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்தபோது அவர் பிரபலப்படுத்திய 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்ற சொல் இன்றுவரை பத்திரிகைகளில் உயிரோடு இருக்கிறது. இங்கே குஜராத் பல்கலைக்கழகத்தில் பி.ஆர்.ஷெனாய் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார நிபுணர் குழுவில் 1955-ல் தனி ஆளாக மறுப்புக் குறிப்பு எழுதியவர். நோட்டடித்துத் திட்டம் போட்டால் விலைவாசி ஏறும், கட்டுப்பாடும் நாட்டுடைமையும் பெருகிக்கொண்டே போகும் என்றார். இந்த ஊரில் டீக்கடைக்காரர்கூட பங்குச்சந்தை பேசுவார், ஷெனாய் பெயரைக் கேட்டால் விழிப்பார். போகட்டும்.

1967 தேர்தலில் சுதந்திராக் கட்சிக்கு மக்களவையில் 44 இடங்கள். அதுதான் பெரிய எதிர்க்கட்சி. இரண்டே வருடத்தில் அவர்களுக்கு வந்த சோதனைதான் வங்கி நாட்டுடைமை.

1969 ஜூலையில் காங்கிரஸுக்குள் இந்திரா காந்திக்கும் மூத்த தலைவர்களுக்கும் மல்லுக்கட்டு. 16-ம் தேதி மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதி இலாகாவைப் பிடுங்கினார் இந்திரா. 19-ம் தேதி சனிக்கிழமை அவசரச் சட்டம். 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 வங்கிகள் அரசுக்கு. கையெழுத்துப் போட்டவர் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரி. மறுநாளே தேர்தலில் நிற்பதற்காக ராஜினாமா செய்தார். நிதித்துறை அதிகாரியாக இருந்த ஐ.ஜி.படேல் பின்னாளில் எழுதியிருக்கிறார்: அரசியல் காரணங்களுக்காக முடிவு எடுத்தாகிவிட்டது, ராத்திரிக்குள் மசோதா தயார் செய்யுங்கள் என்றுதான் பிரதமர் சொன்னாராம். ஏழை, விவசாயி எல்லாம் மறுநாள் உரையில் வந்தவர்கள்!

வழக்குப் போட்டவர் ருஸ்தம் கவாஸ்ஜி கூப்பர். சுதந்திராக் கட்சிக்காரர். நாலு வங்கிகளில் பங்கு வைத்திருந்தார், சென்ட்ரல் பாங்கின் இயக்குநரும்கூட. வாதாடியவர் நானி பல்கிவாலா.

அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. 14 கம்பெனிகளையும் அது கலைக்கவில்லை. வங்கித் தொழில் தவிர வேறு எது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று அனுமதி தந்தது. அதாவது கடையையும் சரக்கையும் பெயர்ப்பலகையையும் வேலையாட்களையும் எடுத்துக்கொண்டு, 'உன்னை யாரப்பா வியாபாரம் செய்யக் கூடாது என்றது?' என்று கேட்பது. அதே நேரம் மற்ற இந்திய வங்கிகளும் வெளிநாட்டு வங்கிகளும் வழக்கம்போல் தொழில் செய்யலாம். கம்பெனி குடிமகன் அல்ல, பங்குதாரருக்கு வழக்குப் போட உரிமை கிடையாது என்று அரசு வாதிட்டது. 11 நீதிபதிகளில் 10 பேர் இதை ஏற்கவில்லை. வங்கிகளை எடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இந்த 14 பேரை மட்டும் தொழில் செய்யாதே என்பது பாரபட்சம், நஷ்டஈடு கணக்கிட்ட முறையும் சரியில்லை என்று நீதிபதி ஜே.சி.ஷா தீர்ப்பு எழுதினார். மறுத்த ஒரே நீதிபதி ஏ.என்.ரே.

பிப்ரவரி 14-ல் புது அவசரச் சட்டம் வந்துவிட்டது. இந்த முறை சூத்திரம், கணக்கு எதுவும் இல்லை. எந்த வங்கிக்கு எவ்வளவு என்று நேரடியாகத் தொகையையே எழுதிவிட்டார்கள். மொத்தம் 87 கோடியே 40 லட்சம். அடுத்த வருடம் 25-வது திருத்தத்தில் அரசியலமைப்பிலிருந்து 'நஷ்டஈடு' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'தொகை' என்று போட்டார்கள். 1973-ல் ஷெலட், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரே தலைமை நீதிபதியானார். அந்த மூவரும் கூப்பருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னவர்கள். 1971 தேர்தலில் சுதந்திராக் கட்சிக்கு 8 இடம், 1974-ல் கட்சியே இல்லை.

சரி, அவர்கள் பயந்தது நடந்ததா? நடந்தது. கடன் கொடுப்பது அரசியல் ஆகிவிடும் என்றார்கள். எண்பதுகளில் லோன் மேளா வந்தது. 1990-ல் பத்தாயிரம் ரூபாய் வரை தள்ளுபடி. மக்கள் போட்ட பணத்தை அரசே இழுத்துக்கொள்ளும் என்றார்கள். 1990 வாக்கில் டெபாசிட்டில் 38.5 சதவீதம் அரசுப் பத்திரங்களில், 15 சதவீதம் ரிசர்வ் வங்கியில் என்று சட்டப்படி ஒதுக்க வேண்டியிருந்தது. நூறு ரூபாயில் பாதிக்கு மேல் எங்கள் கைக்கே வராது. ஷான் கோல் என்ற பொருளாதாரவாதி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்தல் வருடங்களில் அரசு வங்கிகளின் விவசாயக் கடன் வளர்ச்சி 5 முதல் 10 சதவீதப் புள்ளிகள் கூடுவதைக் காட்டியிருக்கிறார். எங்களில் எவருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

2008-ல் நான் விதர்பாவில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். அந்த வருட பட்ஜெட்டில் தள்ளுபடி அறிவிப்பு. 2007 டிசம்பர் 31-ல் தவணை தவறியிருந்த கடன்களுக்கு மட்டும்தான் சலுகை. பருத்தி விவசாயி ஒருவர் வந்தார். மூன்றரை ஏக்கர். மனைவியின் சங்கிலியை விற்று நவம்பரில் கடனைக் கட்டியிருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் கட்டவில்லை, அவருக்கு முழுத் தள்ளுபடி. 'சாஹேப், நான் கட்டியது தப்பா?' என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டார். சுற்றறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த கடனை அவர் கட்டவில்லை. கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியவன் நான்தான்.

மசானி பக்கம் பேச இந்த ஒரு கதை போதும். ஆனால் அந்த மனிதர் வந்து உட்கார்ந்த கிளையையும் கணக்கில் எடுக்க வேண்டும் இல்லையா? அது திறந்தது 1978-ல். ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க அனுமதி வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நாலு கிளை திறக்க வேண்டும் என்று 1977-ல் ஒரு விதி வந்தது. அதன் கீழ் திறந்த கிளை. அதற்கு முன்னால் அவருடைய அப்பா சாவுகாரிடம்தான் கை நீட்டியிருக்கிறார்.

1969-ல் நாடு முழுக்க 8,262 கிளைகள், அதில் கிராமத்தில் 1,833. ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களுக்கு! வங்கிக் கடனில் விவசாயத்துக்குப் போனது சுமார் 2 சதவீதம். 1990-ல் கிளைகள் 60,000 அளவுக்கு வந்துவிட்டன, பாதிக்கு மேல் கிராமங்களில். ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த விதியால் கிராமக் கிளைகள் அதிகம் வந்த மாநிலங்களில் கிராம வறுமை கூடுதலாகக் குறைந்தது என்று காட்டினார்கள். வாராக்கடன் அதிகமானதையும் மறைக்கவில்லை.

சுதந்திராக் கட்சி கோட்டை விட்டது இங்கேதான் என்பது என் கருத்து. பங்குதாரர், டெபாசிட்தாரர் என்று வங்கிக்குள் இருந்தவர்களைப் பற்றியே பேசினார்கள். உள்ளேயே வர முடியாதவனுக்கு அவர்களிடம் வலுவான பேச்சு இல்லை. டெபாசிட்தாரர்கூட அன்றைய தனியார் வங்கிகளை முழுதாக நம்பும் நிலையில் இல்லை. 1960-ல் பாலாய் சென்ட்ரல் பாங்க் கவிழ்ந்த நினைவு கேரளத்தில் ஆறாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் 1962-ல் டெபாசிட் காப்பீடே வந்தது, ஆளுக்கு 1,500 ரூபாய்.

இத்தனைக்கும் நல்ல வாதம் ஒன்று அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. கிளை திறக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும் என்பது 1949 சட்டத்திலேயே உண்டு. அந்த நாலுக்கு ஒன்று விதிக்கும் அடிப்படை இந்த அனுமதி அதிகாரம்தான். அரசே முதலாளி ஆகாமலும் அதைப் போட்டிருக்கலாம். புது வங்கிகளுக்கு வாசலைத் திறந்து போட்டியையும் வளர்த்திருக்கலாம். புதிய தனியார் வங்கிகளுக்கு அந்த வாசல் 1993-ல்தான் திறந்தது. தனியார் என்றால் எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. 2020-ல் நம் கரூர் லட்சுமி விலாஸ் வங்கியை டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தபோது பங்குதாரர்களுக்குப் பூஜ்யம்தான் மிஞ்சியது. 2018 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் மொத்த வாராக்கடன் 14.6 சதவீதத்தில் நின்றதும் ஞாபகம் இருக்கிறது. அந்த முறை கட்டாதவர்களில் மூன்றரை ஏக்கர்காரர்கள் அதிகம் இல்லை.

1969, 1980 என்று இரண்டு தவணையில் எடுத்த இருபது வங்கிகளில், இணைப்புகளுக்குப் பிறகு மிச்சம் 11. ஸ்டேட் வங்கியைச் சேர்த்தால் 12. 2021 பட்ஜெட்டில் இரண்டு வங்கிகளைத் தனியார்மயமாக்குவதாக அறிவித்தார்கள். அதற்கான மசோதா அந்த வருடக் குளிர்காலக் கூட்டத்தொடரின் பட்டியலில் இருந்தது, தாக்கல் ஆகவில்லை.

கூப்பர் தீர்ப்பு மட்டும் வேறு வழியில் போனது. அரசு எந்த நோக்கத்தில் சட்டம் போட்டது என்பதைவிட, அது குடிமகனின் உரிமையை என்ன செய்கிறது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு கருத்து இருந்தது. ஜனதா அரசு மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கியபோது, 1978 தீர்ப்பு இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டது. வங்கிகளை எடுத்தவரின் மருமகளுக்கே அது கைகொடுத்தது. 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னபோது, அந்தத் தீர்ப்பிலும் கூப்பர் பெயர் வருகிறது.