மனிதரா என்பதிலிருந்து எந்த மனிதர் என்பது வரை: இணையச் சரிபார்ப்பும் அந்தரங்கமும்

இணையத்தளத்துக்கு வருபவர் மனிதரா, தானியங்கி நிரலா என்று பிரித்தறியும் முறைகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் மூன்று கட்டங்களைக் கடந்துள்ளன. ஒவ்வொரு கட்டத்திலும் பயனர் ஒப்படைக்க வேண்டிய தகவல் கூடிக்கொண்டே வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. புதிர்

1997-இல் அல்டாவிஸ்டா தேடுபொறியில் நிரல்கள் இணைய முகவரிகளைக் குவிப்பதைத் தடுக்க, ஆந்திரே புரோடர் குழுவினர் நெளிந்த எழுத்துப் படங்களைப் பயன்படுத்தினர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆன், மானுவேல் புளூம் முதலியோர் இதை வளர்த்தெடுத்து ‘கேப்ட்சா’ எனப் பெயரிட்டனர். பார்வையற்றோரை வாசலிலேயே நிறுத்திய முறை இது. ஆனால் விடை சரியா என்பதைத் தவிர வேறெதையும் அறியத் தேவையில்லாத முறையும் இதுவே.

2. கண்காணிப்பு

2007-இல் வந்த ரீகேப்ட்சா, கணினியால் படிக்க முடியாத பழைய அச்சுச் சொற்களைப் பயனர்களைக் கொண்டே படிக்க வைத்தது. 2009-இல் கூகுள் அதை வாங்கியது. 2014-இல் புதிருக்குப் பதிலாக ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டம் வந்தது. 2018-இல் அதுவும் தேவைப்படாமல், பயனரின் நடத்தையைப் பின்னணியில் கவனித்து 0 முதல் 1 வரை மதிப்பெண் இடும் பதிப்பு வெளியானது. தொல்லை குறைந்தது, தான் சோதிக்கப்படுவதே பயனருக்குத் தெரியாமல் போனது. உரிய ஒப்புதலின்றி ரீகேப்ட்சாவைப் பயன்படுத்தியதும் சேர்ந்தே, 2023-இல் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் சிட்டிஸ்கூட் நிறுவனத்துக்கு 1,25,000 யூரோ அபராதம் விதிக்கக் காரணமானது.

3. அடையாளம்

இந்தியாவில் மூன்றாம் கட்டம் ஆதாரோடு வந்தது. ரயில் முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே நிரல்கள் தட்கல் இடங்களை அள்ளிக்கொண்டதால், 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே ஐ.ஆர்.சி.டி.சி. தட்கல் அனுமதித்தது, ஜூலை 15 முதல் ஓ.டி.பி.யும் கட்டாயமானது.

விழுப்புரம் – காட்பாடி ரயில் பாதையில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் கண்ணமங்கலம் போன்ற ஊரில் இதன் நடைமுறை வேறு. காலை 11 மணிக்கு ஏசி அல்லாத தட்கல் திறக்கும். பிரவுசிங் சென்டரில் விசைப்பலகை கடைக்காரர் கையில். கைப்பேசி வாடிக்கையாளர் கையில். “நம்பர் வந்துச்சா? சீக்கிரம் சொல்லுங்கண்ணா” என்று கடைக்காரர் கேட்க, வாடிக்கையாளர் உரக்கப் படிக்கிறார். கணினியின் கணக்கில் ஒருவர் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டார், தட்டியதோ இன்னொருவர். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கை இங்கே பொருளற்றுப் போகிறது.

4. அளவும் தேவையும்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தரங்கத்தில் தலையிடும் நடவடிக்கை அதன் நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பிலிருந்து கிடைக்கும் அளவுகோல். அதை வைத்துப் பார்த்தால் எல்லாச் சரிபார்ப்பும் ஒன்றல்ல. பெயரிட்டே வழங்கப்படும் ரயில் டிக்கெட்டுக்கு அடையாளம் கேட்பதில் நியாயம் உண்டு. பொதுப் பதிவேடான பட்டாவைப் பார்வையிட வருபவரிடம் கைப்பேசி எண் கேட்பதற்கு அந்த நியாயம் போதாது. அங்கே நிரலைத் தடுத்தாலே போதும்.

தொழில்நுட்பமும் இதற்குத் தடையல்ல. 2024-இல் இணையத் தரநிலையாக வெளியான ‘பிரைவசி பாஸ்’ முறையில், ஒருவரைச் சரிபார்த்து வில்லை (டோக்கன்) வழங்கும் இடம் வேறு, அதை ஏற்கும் தளம் வேறு. வில்லையைக் கொண்டு ஆளை அடையாளம் காண இயலாது. எனவே அரசுத் தளங்கள் ஒவ்வொரு சேவைக்கும் மனிதரா என்று மட்டும் அறிந்தால் போதுமா, யார் என்றும் அறிய வேண்டுமா என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கான காரணத்தையும் எழுத்தில் வெளியிட வேண்டும்.