கொம்பனித்தெருவில் ஒரு வீடு கைமாறும் வரலாறு

கொழும்பு, கொம்பனித்தெருவின் மலாய் வீதியிலோ றைபிள் வீதியிலோ ஒரு சிறு வீட்டுக்கு விலை பேசி முடித்தவர்கள், பேச்சு முடிந்த நாளுக்கும் சாவி கைக்கு வரும் நாளுக்கும் இடையே மாதங்களும் சிற்சில வேளைகளில் வருஷங்களும் கழிவதைக் கண்டு நொத்தாரிசையும் காணிக் கந்தோரையும் நொந்துகொள்வது வழக்கம். அந்தத் தாமதத்தில் மனிதரின் சோம்பலுக்கும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் பெரும்பகுதி, இரண்டு நூற்றாண்டுகளாக இலங்கைத் தீவில் ஆதன உரிமை எவ்வாறு எழுதப்பட்டு வந்தது என்பதிலேயே அடங்கியிருக்கிறது.

போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் விரிவாக எழுதிவைத்த தோம்பு என்ற பதிவேடுகளில் குடிகளின் பெயரும் அவரவர் காணியும் பதியப்பட்டிருந்தன. 1796இல் கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் வழியாக ஒல்லாந்தர் காலத்துச் சட்டத்தையே தொடர்ந்து நடத்தினார்கள். பின்னர், வாய்ப்பேச்சையும் பொய்ச் சாட்சியையும் நம்பி நிலம் கைமாறுவதைத் தடுக்க எண்ணி, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றினார்கள். ஸ்தாவர ஆதனத்தின் விற்பனை எழுத்தில் இருக்கவேண்டும், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே முன்னிலையில் இருக்க அது கையொப்பமிடப்படவேண்டும், அன்றேல் அது செல்லாது என்ற அந்த விதி இன்றும் நம்மை ஆள்கிறது.

அவ்விதிப்படி எழுதப்படும் விற்பனை உறுதி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். எழுதுவித்தவர் தமக்கு ஆதனம் எந்த முந்திய உறுதியால் வந்தது என்று சொல்லும் பகுதி முதலில் வரும்; பின்னே அட்டவணையில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நாற்புற எல்லைகளும், அளவையாளரின் வரைபட இலக்கமும், விஸ்தீரணமும் இருக்கும். மூலப் பிரதி வாங்கியவரிடம் போகும். ஒரு பிரதி நொத்தாரிசின் கோப்புக் கட்டில் தங்கும். மற்றொன்றை அவர் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் காணிக் கந்தோருக்கு அனுப்பவேண்டும்.

தாமதத்தின் மூலகாரணம் இந்தக் காணிக் கந்தோரில்தான் இருக்கிறது. 1863இல் தொடங்கி 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய உருவம் பெற்ற அந்தப் பதிவு, உறுதியைப் பதிகிறதேயன்றி உரிமையைப் பதிவதில்லை. உரித்தில்லாதவன் எழுதிக்கொடுத்த உறுதியும் அங்கே பதியப்படலாம். பதிந்தமையால் அவனுக்கு உரித்து வந்துவிடாது. முதலில் வாங்கியவர் பதியாது விட்டால், வஞ்சகமின்றிப் பணம் கொடுத்துப் பின்னால் வாங்கிப் பதிந்தவர் அவரை முந்திவிடலாம். பத்து வருஷம் எதிரிடையாக ஆண்டனுபவித்தவர் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமை கோரலாம். அது எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிராது. ஆகவே, ஒவ்வொரு விற்பனையின்போதும் வாங்குபவரின் நொத்தாரிசு, வழக்கமாக முப்பது வருஷத்துக் கொடுக்கல் வாங்கல்களை ஏடு ஏடாகப் புரட்டித் தேடி, அந்த வீட்டின் சரித்திரத்தைப் புதிதாக எழுதவேண்டியவராகிறார்.

கொம்பனித்தெருவில் அந்தச் சரித்திரம் எளிதன்று. மலாய்ப் படையினரின் சந்ததியாரும், சோனகரும், தமிழரும், சிங்களவரும் நெருங்கி வாழ்ந்த இடம் அது. அவர்கள் எல்லோருக்கும் வாரிசு விதி ஒன்றல்ல. முஸ்லிம் குடும்பத் தலைவர் ஒருவர் மனைவியையும் மூன்று ஆண்மக்களையும் இரண்டு பெண்மக்களையும் மட்டும் விட்டு இறந்தால், வீடு 64 பங்காகி, மனைவிக்கு 8, ஆண்மகன் ஒவ்வொருவருக்கும் 14, பெண் ஒவ்வொருத்திக்கும் 7 என்று பிரியும். அவர்களுள் ஒருவர் மெல்பனிலும் ஒருவர் லண்டனிலும் இருந்து, இன்னொருவர் மரண சாதனமின்றி இறந்திருந்தால், அற்றோணித் தத்துவமும் மரணசாதன வழக்கும் முடியும்வரை எந்த நொத்தாரிசும் முழு வீட்டையும் எழுத முடியாது. சுற்றத்தாருக்குள் மனக்கசப்பே இல்லாத குடும்பங்களும் பங்குபிரிப்பு வழக்குப் போடுவதைக் காண்கிறோம். அந்த வழக்கின் இறுதித் தீர்ப்பு மட்டுமே எவரையும் கட்டுப்படுத்தும் சுத்தமான உரித்தைத் தரும் என்பதே காரணம். அதுவோ ஒரு தலைமுறையைத் தின்றுவிடக்கூடியது.

1973இல் வந்த வீட்டாதன உச்சவரம்புச் சட்டம் இதன்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றியது. அளவுக்கு மேற்பட்ட வீடுகள் அரசினர் வசமாயின. குடியிருந்தவர்கள் விலைக்குப் பெற வழி பிறந்தது. ஏழைக் குடியிருப்பாளருக்கு அது செய்த நன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். எனினும் அந்தக் காலத்து வாடகை வீடுகளின் உரித்தை ஆராய்பவர் இன்றும் அந்தக் கோப்புகளைத் தேடவேண்டியிருக்கிறது. இவையன்றி, மாநகர சபையில் வீதி எல்லைச் சான்றும், சபைக்கு ஆதனம் உரித்தாகவில்லை என்ற சான்றும் பெறவேண்டும். இதே நகரின் வெள்ளவத்தையிலுள்ள அடுக்குமாடி வீடுகளிலோ, கூட்டாதன வரைபடம் பதியப்படும்வரை ஒரு வீட்டுக்குத் தனி உறுதியே கிடையாது.

உரிமையையே பதியும் முறை, 1858இல் தென் அவுஸ்திரேலியாவில் டொறன்ஸ் என்பவர் வகுத்தது, இங்கே 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. ‘பிம் சவிய’ என்ற பெயரில் 2007 முதல் நடைமுறைப்படுத்தப்படுகிறது. அது நாடெங்கும் முற்றுப்பெறும்வரை, பழைய ஏடுகளைப் புரட்டும் தாமதமே வாங்குபவருக்கு உள்ள காவல் என்பது என் கருத்து. ஆதலால் வீடு வாங்கும் அன்பர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன்பே காணிக் கந்தோரின் பதிவுச் சாரத்தைத் தம் நொத்தாரிசின் கையில் சேர்க்கவேண்டும். விற்கும் அன்பர்கள், பாட்டன் காலத்துப் பழைய உறுதிகளைப் பெட்டியினின்றும் எடுத்து இன்றே ஒழுங்குபடுத்தி வைக்கவேண்டும்.